பாடி பாதுகாப்புச் சங்கம், நாலாம் நம்பர் லைன்

சாவை எதிர்த்து நோட்டீஸ் ஒட்டிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் டெம்பரேச்சர்தான். மற்றவர்கள் சாவைக் கண்டு பயந்திருக்கிறார்கள், கவிதை எழுதியிருக்கிறார்கள், இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறார்கள். அதற்காக ஒரு சங்கம் ஆரம்பித்து, செயலாளர் நியமித்து, வருகைப் பதிவேடு வைத்து, "இத இப்பிடியே விட முடியாதுங்க" என்று கிளம்பியவர் இவர் ஒருவர்தான். அந்தச் சங்கத்தின் செயலாளர் நான். இந்த வாக்கியத்தை எழுதும் துணிச்சல் வர எனக்கு இருபத்தைந்து வருடம் ஆகியிருக்கிறது.

துணிச்சல் கொடுத்தவன் என் அக்கா மகன். போன வாரம் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, "மாமா, செத்தவங்கள உறைய வெச்சுப் பின்னாடி எழுப்பறதப் பத்தி ஆன்லைன்ல ஒரு குரூப் ஆரம்பிச்சிருக்கேன். உலகம் பூரா ஆளுங்க இருக்காங்க. நீங்களும் சேந்துக்குங்க" என்றான்.

"நாங்க அத லைன்லயே நடத்தினோம்டா" என்றேன்.

வயதாகிவிட்டது, குழப்பிக்கொள்கிறார் என்று நினைத்து எனக்கு ஒரு காபி கொண்டுவந்தான்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. பொள்ளாச்சியில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, சேரம்பாடிக்கு அப்பால் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கிளார்க்காகச் சேர்ந்திருந்தேன். காலையில் செக்ரோல் என்ற பெரிய நோட்டில் தொழிலாளர்களின் வருகையைப் போடுவது என் வேலை. வந்தவர்களுக்கு ஒரு கோடு. லீவு சொன்னவர்களுக்கு 'லீ'. செத்துப்போனவர்கள், எஸ்டேட்டை விட்டுப் போனவர்கள் பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு நீளக்கோடு. அதற்குப் 'பேர் வெட்டுவது' என்று சொல்வார்கள். சிவப்புப் பேனாவை எடுத்தால் எமதர்மனே ஆபீஸில் உட்கார்ந்திருப்பதுபோல் எனக்கு ஒரு மிடுக்கு வரும்.

ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் கூரை காற்றில் போய்விட்டதால் எனக்கு நாலாம் நம்பர் லைனில் பன்னிரண்டாவது அறையைக் கொடுத்தார்கள். லைன் என்றால் வரிசையாகப் பன்னிரண்டு அறைகள், ஒரே நீளமான தகரக் கூரை. ஆபீஸ் அதை லைன் என்றது. இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு வந்தவர்கள், வந்த புதிதில், லயம் என்றார்கள். மலையாளம் கலந்த உள்ளூர்ப் பேச்சில் அதற்குப் பாடி என்று பெயர். மூன்று பெயர் வைத்தும் கூரை ஒழுகுவது நிற்கவில்லை.

இதில் இன்னொரு விசேஷம். அறைக்கும் அறைக்கும் நடுவில் இருந்த சுவர், கூரை வரை போகவில்லை. ஆள் உயரத்துக்கு மேல் திறந்தவெளி. ஒன்றாம் அறையில் தும்மினால் பன்னிரண்டாம் அறையில் நான் "நூறு வயசு" என்று சொல்லலாம். யார் என்ன சமைக்கிறார்கள், யார் யாரோடு பேசவில்லை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். முகம் தெரியாது, குரல் தெரியும். ஆளைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார்கள். "மூணாம் ரூமு", "ஒம்பதாம் ரூமு", அவ்வளவுதான். இதையேதான் இப்போது என் அக்கா மகன் பெரிய கண்டுபிடிப்பு என்று எனக்கு விளக்கிக்கொண்டிருக்கிறான்.

ஆறாம் ரூமில் இருந்தவர் டெம்பரேச்சர். எஸ்டேட் பாக்டரியின் மேல்மாடியில், பறித்து வந்த கொழுந்தைப் பரப்பி வாட வைக்கும் இடத்தில் அவருக்கு வேலை. இலங்கையிலும் அதே வேலைதான். அங்கிருந்து கப்பலில் வந்தவர்கள் தகரப் பெட்டி, தையல் மெஷின், அம்மி எல்லாம் கொண்டுவந்தார்கள். மனைவியைப் பறிகொடுத்த இவர் கொண்டுவந்தது ஒரு தெர்மாமீட்டர். அது எப்போதும் சட்டைப் பையில், பேனா இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். எது கெட்டாலும் அவருக்கு ஒரே காரணம். கறி வேகவில்லையா, கல்யாணம் நின்றுபோனதா, இந்தியா கிரிக்கெட்டில் தோற்றதா, "டெம்பரேச்சர் சரியில்லைங்க."

இவ்வளவு பேசுகிறவருக்குக் குளிர் மட்டும் ஆகாது. இரண்டு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, அதன் மேல் மஃப்ளர். சித்திரை மாதத்தில்கூட அவருடைய மூக்கு மட்டும்தான் வெளியில் தெரியும். மனிதர்களை உறைய வைக்கும் இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் இவர்தான் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் கருவாட்டில் ஆரம்பித்தது. ஊட்டி மார்க்கெட்டில் வாங்கிய கருவாட்டை ஓர் இங்கிலீஷ் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். லவ்டேல் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படித்துவிட்டு எடைக்குப் போட்டதாக இருக்கும். தாளை நீவி எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"கிளாக்கரையா, இதுல என்னமோ டாங்கி படம் போட்டிருக்கு. படிச்சுச் சொல்லுங்க."

மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தேன். அமெரிக்காவில் ஒரு பணக்காரர் செத்தவுடன் உடம்பை உறைய வைத்து, இரும்பு டாங்கியில் போட்டு மூடியிருக்கிறார்கள். அவருடைய நோய்க்கு மருந்து கண்டுபிடித்த பிறகு எழுப்புவார்களாம்.

"டெம்பரேச்சர் எம்புட்டு?"

"மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறுங்க."

சட்டைப் பையிலிருந்த தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தார். "என் குச்சி பத்தாதே" என்றார் கவலையோடு. "சரி, எந்திரிச்சாரா?"

கடைசி வரி, 'அவரை மீண்டும் எழுப்பும்போது' என்று ஆரம்பித்தது. அங்கே தாள் கிழிந்திருந்தது. மீதித் தாள் யார் வீட்டுக் கருவாட்டோடு போனதோ தெரியாது.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

அவருக்கு ஒரே மகள், பாக்கியம். கல்யாணமாகி, கப்பல் ஏறுவதற்கான குடும்ப கார்டில் புருஷன் வீட்டாரோடு பெயர் சேர்ந்துவிட்டதால், அப்பா வந்த கப்பலில் அவளால் வர முடியவில்லை. அடுத்த கப்பலில் வருவாள் என்றார்கள். நாலு வருடமாக அடுத்த கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. அவள் பெயர் மட்டும் வரவில்லை. இதற்கு நடுவில் இவருக்கு நெஞ்சு வலி. ஊட்டியில் ஒரு டாக்டர் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, இருதயம் ரொம்பப் பழசாகிவிட்டது, மேட்டில் ஏறாதே என்று சொல்லி அனுப்பினார். நீலகிரியில் ஒருவரை மேட்டில் ஏறாதே என்றால் அவர் வீட்டுக்கே போக முடியாது.

"அவ வர்றதுக்குள்ள எனக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா?" என்று கேட்டார் டெம்பரேச்சர். "அம்புட்டு தூரம் கடல் தாண்டி வந்து, யார்ரா எங்கப்பான்னா எதக் காட்டுவீங்க? மண்ணையா? அதான் கேக்கிறேன். அவ வர்ற வரைக்கும் என்னய இந்த மாதிரி வச்சிருக்க முடியுமா, முடியாதா?"

"செத்தவரு எப்படீங்க எந்திரிப்பாரு?"

"கொழுந்து எப்பிடி எந்திரிக்குது? பறிக்கிறோம், வாட்டுறோம், நசுக்குறோம், நெருப்புல காட்டுறோம், பெட்டியில அடைக்கிறோம். செத்துச்சுல்ல? ஆறு மாசம் கழிச்சு ஒருத்தன் வெந்நி ஊத்துறான். இல விரியுதா இல்லையா? வாசம் வருதா இல்லையா? எல்லாம் டெம்பரேச்சருங்க. இலையச் சூட்டுல வக்கிறோம், மனுசனக் குளிர்ல வக்கணும். வித்தியாசம் அம்புட்டுத்தான்."

 

போகும்போது வாசலில் நின்று, "நீங்க செக்ரோல் எழுதுறவரு. உங்களுக்குத் தெரியாததா? சாவுங்கிறது பேர் வெட்டுறது. நான் வெட்டச் சொல்லல. லீவு கேக்கிறேன்" என்றார்.

மறுநாளே சங்கம் ஆரம்பமாகிவிட்டது. கூட்டத்துக்கு யாரும் எங்கேயும் போக வேண்டியதில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு அவரவர் அறையில், அவரவர் அடுப்பு முன்னால் இருந்தபடியே பேச வேண்டியதுதான். ஆறாம் ரூமிலிருந்து டெம்பரேச்சர் செருமுவார். அதுதான் தொடக்க உரை. எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்ற குற்றத்துக்காக என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். பேசினவர்களுக்கு ஒரு கோடு. பேசாதவர்களை 'வரவில்லை' என்று போடக்கூடாது, 'லீ' போட வேண்டும் என்பது தலைவர் உத்தரவு.

"எழுப்புறப்ப வயசு என்ன போடுவாங்க?" என்று ஆரம்பித்தது மூணாம் ரூம். "செத்தப்ப இருந்ததா, ஐஸ்ல இருந்ததயும் கூட்டியா?"

"செத்தப்ப இருந்ததுதான்."

"அப்ப ரிட்டயர் ஆனவன எழுப்பி என்ன செய்ய? திரும்ப வேல குடுப்பாங்களா?"

"எம்புருசன உசுரோட இருக்கையிலேயே காலைல எழுப்ப முடியல" என்றது ஒன்பதாம் ரூமிலிருந்து ஒரு பெண்குரல். "ஐஸ்ல வச்சா எவ எழுப்புவா?"

லைன் முழுக்கச் சிரித்தது. அந்தப் புருஷரும் சிரித்தது தனியாகக் கேட்டது.

பதினோராம் ரூமில் ஒருவர். விவாதம் எவ்வளவு உயரத்தில் போனாலும் நடுவில் புகுந்து, "யாராச்சும் எங்க கோழியப் பாத்தீங்களா?" என்பார். கோழி தினமும் காணாமல் போகும். தன் குரூப்பிலும் இப்படி நாலு பேர் இருப்பதாக என் அக்கா மகன் சொல்கிறான்.

ஒருநாள் எட்டாம் ரூம் ஒரு கேள்வி கேட்டது. "ஏன்ணே, கண்ணு முழிச்சதும் நம்மள எந்த நாட்டுக்காரன்னு எழுதுவான்? அங்க இருந்தப்ப இந்தியாக்காரன்னான். இங்க வந்தா சிலோன்காரன்ங்கிறான். எந்திரிச்ச ஒடனே திரும்பவும் கப்பல்ல ஏத்திட்டா?"

 அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. டெம்பரேச்சர் செருமினார்.

"எழுதிக்கங்க கிளாக்கரையா. ஆள ஐஸ்ல வக்கும்போது கார்டையும் சேத்து வக்கணும்."

ஏகமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான்.

ஒரு மாதம் பேசிய பிறகு, பேச்சு போதாது என்று தலைவருக்குத் தோன்றிவிட்டது. "டாங்கி கேக்கணும்னா ஆள் பலம் வேணும். ஒரு லயம் மட்டும் கேட்டா எவன் தருவான்? எல்லா லயத்துக்கும் சொல்லுவோம். நோட்டீஸ் எழுதுங்க" என்றார். அவர் சொல்லச் சொல்ல, என் முத்தான கையெழுத்தில் எழுதி, காலையில் ஆட்கள் கூடும் மைதானத்தில் ஒட்டினேன்.

'பாடி பாதுகாப்பு விவாதக் குழு. பாடி கெட்டுப்போகாமல் நீண்ட காலம் காப்பது பற்றிப் பேசப்படும். பாடி உள்ளவர்கள் அனைவரும் வரலாம். ஞாயிறு காலை பத்து மணி. பேர் பதிவு செய்யப்படும்.'

அவர் இன்னும் லயம் என்றே சொல்கிறவர். பாடி என்றால் அவருக்கு ஆஸ்பத்திரியில் சொல்லும் பாடிதான். நான் பொள்ளாச்சிக்காரன். எனக்கு லைன்தான். அந்த எஸ்டேட்டில் மீதி அத்தனை பேருக்கும் பாடி என்றால் குடியிருக்கும் வீடு என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் உறைக்கவில்லை.

போதாததற்குப் 'பேர் பதிவு' என்று வேறு எழுதிவிட்டேன். அந்த ஜனங்கள் பாதி வாழ்க்கையைப் பேர் பதிவிலேயே கழித்தவர்கள். எங்கே பேர் எழுதினாலும் முதலில் வரிசையில் நின்றுவிட வேண்டும், எதற்கு என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்பது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே நாலாம் நம்பர் வாசலில் நாற்பத்துமூன்று குடும்பம். கையில் குடும்ப கார்டு, போட்டோ, பழைய பாஸ்போர்ட். சிலர் குழந்தைகளுக்குத் தலை சீவிக் கூட்டி வந்திருந்தார்கள்.

டெம்பரேச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா? சாவுன்னா எல்லாருக்கும் கோவம் இருந்திருக்கு. கேக்கத்தான் ஆளில்ல" என்றார்.

வரிசையில் முதல் ஆள் ஏழாம் நம்பர் லெச்சுமி அக்கா. கொழுந்து பறிப்பதில் எஸ்டேட்டிலேயே வேகமான கை, அதைவிட வேகமான வாய்.

"எழுதுங்க. ஏழாம் நம்பர் பாடி, அஞ்சாவது ரூமு. ரெண்டு எடத்துல ஒழுகுது."

தலைவர் முகத்தில் கவலை. "உன் பாடியா?"

"பின்ன? எம்பேர்லதான் இருக்கு."

"எங்க ஒழுகுது?"

"மேல ஒண்ணு, பின்னால ஒண்ணு."

"எம்புட்டு நாளா?"

"போன மழையிலருந்து. இப்ப விரிசலும் விட்டிருச்சு."

"அடக் கடவுளே. டாக்டர்கிட்டக் காட்டினியா?"

"டாக்டர் என்ன, தகரத்து மேல ஏறுவாரா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எனக்குத்தான் முதலில் புரிந்தது. உடனே குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தேன்.

உண்மை தெரிந்ததும் டெம்பரேச்சர் மஃப்ளரை அவிழ்த்துவிட்டார். அவர் மஃப்ளரை அவிழ்த்தால் அது பெரும் கோபம். "நான் சொன்னது மனுசப் பாடி! செத்தா ஐஸ்ல வக்கிற பாடி! ஒங்க கூரையப் பத்தி எவன் பேசினான்?"

லெச்சுமி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஏண்ணே, மனுசப் பாடி எங்க இருக்கு? இந்தப் பாடிக்குள்ளதான இருக்கு? ஒழுகுற வீட்டுக்குள்ள ஐஸ வச்சா ஒங்க ஐஸு நிக்குமா? ஒரு மழைக்குக் கரஞ்சு ஓடிரும். மொத மேல அடைங்க. அப்புறம் யார வேணா உள்ள வச்சுக்கங்க."

அவர் தெர்மாமீட்டரை வெளியே எடுத்தார். பார்த்தார். உள்ளே வைத்தார்.

"பாயிண்டு" என்றார். "தண்ணி எறங்கினா டெம்பரேச்சர் நிக்காது. எழுதிக்கங்க கிளாக்கரையா. மொதல்ல கூரை. அப்புறம் டாங்கி."

வேண்டா வெறுப்பாகத்தான் சொன்னார். செவ்வாய்க்கிழமை பாக்கியத்தின் கடிதம் வந்தது. அதன் பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை.

கடிதத்தை நான்தான் படித்துச் சொன்னேன். பெயர் வந்துவிட்டது. அடுத்த மாதம் புறப்படுகிறார்கள். ஆனால் எங்கே வீடு காலி இருக்கிறதோ அங்கேதான் அனுப்புவார்களாம். சேரம்பாடியில் வீடு இருக்கிறது என்று எஸ்டேட் ஆபீஸ் எழுதிக் கொடுத்தால் அப்பாவிடமே வரலாம். இல்லாவிட்டால் வேறு எந்த ஊரோ, எந்தக் காடோ.

டெம்பரேச்சர் சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஐந்தாம் ரூம். இரண்டு வருடமாகக் காலி. காரணம், அதன் மேல் இருந்த தகரத்தில் பாதி ஒரு ஆடிக் காற்றில் கேரளாவுக்குப் போய்விட்டது.

"மனு எழுதுங்க. மானேஜருக்கு. இங்கிலீஷ்ல" என்றார்.

மானேஜர் வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. சமவெளிக்காரர். மனு அடிக்க உட்கார்ந்தேன். மனுவில் ஜனங்கள் சொல்லும் பாடி என்ற வார்த்தையே இருக்கட்டும் என்று நினைத்தேன்; அதற்கு இங்கிலீஷில் என்ன என்று சந்தேகம் வந்தது. தலைவரைக் கேட்டேன்.

"பாடின்னா பாடிதான? அதுவே இங்கிலீஷுதானுங்களே?"

நியாயமாகப்பட்டது. ஹையர் பாஸ் செய்தவன், நிமிடத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை அடிப்பவன், கொஞ்சமும் தயங்காமல் அடித்தேன். அந்த மனுவின் தமிழாக்கத்தை இப்போது தருகிறேன். 'ஐயா, இந்த எஸ்டேட்டில் உள்ள உடல்கள் பல வருடங்களாகக் கவனிப்பாரற்று ஒழுகிக்கொண்டிருக்கின்றன. நாற்பத்துமூன்று குடும்பங்கள் குழந்தைகளோடு இவற்றுக்குள் வாழ்ந்து வருகின்றன. நாலாம் நம்பர் லைன் ஐந்தாம் அறையில் உள்ள உடல் மேல்பகுதி இல்லாமல் இரண்டு வருடமாகத் திறந்து கிடக்கிறது. அதை உடனே சரிசெய்து, இலங்கையிலிருந்து வரும் மகளிடம் ஒப்படைக்க வேண்டுகிறோம். தாமதித்தால் நாற்றம் தாங்காது.' கடைசி வாக்கியம் கூரை ஒழுகித் துணி நாறுவதைப் பற்றியது.

மனு போன அரை மணி நேரத்தில் ஜீப் வந்தது. மூக்கில் கைக்குட்டையோடு மானேஜர். பின்னால் ஃபினாயில் டின்னைத் தூக்கிக்கொண்டு எஸ்டேட் கம்பவுண்டர். அதற்குப் பின்னால் ஸ்ட்ரெச்சர்.

"எங்கே பாடி?" என்றார் மானேஜர்.

டெம்பரேச்சர் இரண்டு ஸ்வெட்டரையும் இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். இவ்வளவு சீக்கிரம் வருவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "இந்தா நிக்கிறீங்களே, இதுதாங்க தொரை."

மானேஜர் இரண்டடி பின்னால் குதித்தார். "மொத்தம் எத்தனை?"

"ஆளாளுக்கு ஒண்ணு இருக்குங்க."

"எவ்வளவு நாளா இப்படி?"

"வெள்ளக்காரன் காலத்துலருந்துங்க. அப்பப்ப மேலாக்க தார் பூசுவாங்க. அம்புட்டுத்தான்."

கம்பவுண்டர் ஃபினாயிலைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "உள்ள வந்து பாருங்க" என்று டெம்பரேச்சர் ஐந்தாம் ரூமைத் திறந்தார். மானேஜர் தைரியசாலிதான், சொல்ல வேண்டும். கைக்குட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். சேரம்பாடி மழைக்கு நேரம் காலம் கிடையாது. அந்த நிமிடம் கொட்டியது. கூரை இல்லாத அறைக்குள் நடுவில் நின்ற மானேஜர் மேலே பார்த்தார். நனைந்தார். மீண்டும் மனுவைப் பார்த்தார். எழுத்து எழுத்தாக அவர் முகத்தில் அர்த்தம் இறங்கியது.

"இதை டைப் பண்ணினது யார்?"

நான் கம்பவுண்டரைப் பார்த்தேன்.

மனிதர் திட்டியிருக்கலாம். ஆனால் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு, பின்னால் ஸ்ட்ரெச்சரோடு நிற்கிற ஒருவர் எந்தக் குரலில் திட்ட முடியும்? வெளியே நாற்பத்துமூன்று குடும்பமும் வந்து நின்றுவிட்டது. லெச்சுமி அக்கா, "அய்யா நனையுறாரு, யாராச்சும் கொடையப் புடிங்க. எங்க வீட்டுக்குள்ள நாங்களும் கொடையோடதான் போவோம்" என்றாள். அன்று சாயங்காலமே தகரத்துக்கு ஆர்டர் போனது. ஐந்தாம் ரூம் தயாராகிறது என்று, கப்பலில் வருகிறவர்களை ஊர் ஊராக அனுப்பும் ஆபீஸுக்குக் கடிதமும் போனது. அதைக் கம்பவுண்டரை விட்டு அடிக்கச் சொல்லலாமா என்று மானேஜர் கொஞ்ச நேரம் யோசித்ததாகக் கேள்வி.

ஒன்றை மட்டும் நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கூரையைப் பிரித்தபோது மானேஜர் இன்னொரு உத்தரவும் போட்டார். நடுச்சுவர்களைக் கூரை வரை உயர்த்த வேண்டும், குடும்பத்துக்குக் குடும்பம் மறைவு வேண்டாமா என்றார். நல்ல எண்ணம்தான். சங்கம் அதோடு முடிந்தது. வேலை முடிந்த அன்று ஏழு மணிக்கு டெம்பரேச்சர் செருமியது அவருக்கே திரும்பி வந்தது. வராந்தாவுக்கு வந்து, "மூணாம் ரூமு? எட்டாம் ரூமு?" என்று கூப்பிட்டுப் பார்த்தார். எல்லாக் கதவும் குளிருக்குச் சாத்தியிருந்தது. பதினோராம் ரூமின் கோழி மட்டும் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தது.

அன்றைய பதிவேட்டில் எல்லோருக்கும் 'லீ' போட்டேன்.

ஆனால் அவர் முன்பே ஒரு காரியம் செய்திருந்தார். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் சுவர் எழுப்பும்போது மேஸ்திரியின் பக்கத்தில் போய் நின்றார். "மேல ஒரு கல்ல மட்டும் விட்டுருங்க."

மேஸ்திரி மலையாளி. "அதெந்தா? காத்து வருமே."

"காத்து வரட்டும்."

"மானேஜர் சோதிச்சால்?"

"கல்லு பத்தலன்னு சொல்லுங்க."

பாக்கியம் வந்த அன்று, டாக்டர் ஏறக்கூடாது என்ற மேட்டில் ஏறி பஸ் நிறுத்தத்துக்கு அவரே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். பஸ்ஸிலிருந்து ஒரு தகரப் பெட்டி, ஒரு புருஷன், இரண்டு குழந்தைகள், கடைசியாக அவள். இருவரும் அழுவார்கள் என்று நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவர் புறங்கையை மகள் நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"டெம்பரேச்சர் சரியா இருக்கு" என்றார். அதன் பிறகுதான் நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார். வராந்தாவில் உட்கார்ந்திருந்தால் சில சாயங்காலங்களில் கேட்கும். "பாக்கியம், சாப்பிட்டியா?" "ஆச்சுப்பா." "அடுப்ப அணச்சியா?" "அணச்சிட்டேன்ப்பா." ஒரு செங்கல் அகலத்துக்கு நடந்த விவாதக் குழு. உறுப்பினர்கள் இருவர்.

"இனி டாங்கி வேண்டாமுங்களே?" என்று ஒருமுறை கேட்டேன்.

முறைத்தார். "யாரு சொன்னா? பேத்தி கல்யாணத்தப் பாக்க வேணாமா? சங்கத்த மூடிராதீங்க கிளாக்கரையா."

ஒருநாள் காலை, பாக்டரி மாடியில், பரப்பிய கொழுந்துக்குள் கையை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள், கணக்குப் பார்க்கிறார் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார்களாம்.

வீட்டில் கூட்டம். லெச்சுமி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மெல்ல, கேலி இல்லாமல் கேட்டாள். "செக்கரட்டரி, சங்கம் என்ன சொல்லுது? ஐஸு கிய்சு கேக்கணுமா?"

 அப்போது பாக்கியம் உள்ளேயிருந்து இரண்டாவது ஸ்வெட்டரையும் குரங்குக் குல்லாவையும் எடுத்துக்கொண்டு வந்தாள். அப்பாவுக்குப் போட்டுவிட்டாள். காதை மூடி, மஃப்ளரைச் சுற்றி, தெர்மாமீட்டரைச் சட்டைப் பையில் சரியாக நிறுத்தினாள்.

"அப்பாவுக்குக் குளிரு ஆகாதுங்க" என்றாள்.

மறுநாள் காலை செக்ரோலைத் திறந்தேன். அவர் பெயர் வந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மூடி வைத்தேன். நீல மையில் 'லீ' என்று போட்டேன். அடுத்த நாளும் போட்டேன். மாதக் கடைசியில் மானேஜர் நோட்டைப் பார்த்துக்கொண்டே வந்து, அந்த வரியில் விரலை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"எப்போ வர்றதா சொல்லியிருக்கார்?" என்று கேட்டார்.

"தேதி சொல்லலைங்க" என்றேன்.

பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

அடுத்த வருடம் நான் வேலையை விட்டுக் கீழே இறங்கிவிட்டேன். எனக்குப் பின்னால் வந்த கிளார்க் வெட்டியிருப்பார், அதுதான் முறை. நான் இருந்தவரை வெட்டவில்லை.